ஐம்பத்து நான்காவது முறை

டீச்சர் வீட்டு மாடிப்படியில் அவள் ஏறியபோது மதியம் மூன்று மணி இருக்கும். தோளில் கருவிப் பை, கையில் புதுக் கம்ப்யூட்டர் இருந்த அட்டைப்பெட்டி. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை எல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று கடையில் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அண்ணனும் அவளும் சேர்ந்துதான் அந்தப் பழுதுபார்க்கும் கடையை நடத்தினார்கள். அவனுக்கு வாய், அவளுக்குக் கை என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

"வாம்மா. புதுசை ஹால்லயே வெச்சிடு. அந்த ரூம்ல வேணாம்," என்றார்.

புதுக் கம்ப்யூட்டரை ஹாலில் பொருத்தி, இன்டர்நெட்டுக்காகத் தன் கைப்பேசியை அதோடு இணைத்து வைத்துவிட்டு, அவள் உள்ளறைக்குப் போனாள். சிறிய அறை. டீச்சரின் கணவர் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்துகொண்டது. நான்கு சுவரிலும், கதவின் உள்பக்கத்திலும் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ஜன்னல் இருந்த இடமும் ஸ்பாஞ்சுக்குள் போய்விட்டது. உள்ளே கால் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. தன் காலடிச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. தலைவலித் தைலமும் தூசியும் கலந்து ஒரு வாசனை.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்கன்னு அவரே ஒட்டினது," என்றார் டீச்சர், வாசலைத் தாண்டாமல். "உள்பக்கக் கைப்பிடி சரியில்ல. கதவைச் சாத்திடாதே."

அவள் பையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு," என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "கடைசியா சேர்த்த பாட்டு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் விட்டுடு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் ஏன் என்று கேட்டால் வேலை நீளும்.

பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்தது. பதினான்காயிரத்துச் சொச்சம் பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எத்தனை முறை கேட்டார், கடைசியாக என்றைக்குக் கேட்டார் என்ற கணக்கு. சும்மா பாட்டை மட்டும் நகல் எடுத்தால் அந்தக் கணக்கு தொலைந்துவிடும். பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். அவள் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகிவிட்டு, கடைசியாகச் சேர்த்த பாட்டைத் தேடினாள்.

கிடைத்தது. நான்கு நிமிடப் பாட்டு. சேர்த்த தேதியும் கடைசியாகக் கேட்ட தேதியும் ஒன்றுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரே நாள்.

கேட்ட முறை: ஐம்பத்து மூன்று.

ஒரே நாளில் ஐம்பத்து மூன்று தடவை. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். மூன்றரை மணி நேரம். மனுஷனுக்கு அப்படி என்ன பிடித்துப்போயிற்று என்று நினைத்தபடி, அந்தப் பாட்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கவிட்டாள். திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

கோடு பாதியில் நின்றது. கேபிள் தளர்வாக இருந்தது. வேறு கேபிள் எடுக்க, கதவுக்கு முட்டாக இருந்த பையை இழுத்தாள்.

எடுத்துத் திரும்பும்போது கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை.

சரி, போகும்போது கூப்பிட்டால் டீச்சர் திறப்பார் என்று எண்ணிக்கொண்டு கேபிளை மாற்றினாள். கோடு மறுபடி நகர்ந்து, கடைசி வரை போய் முடிந்தது. கண் தற்செயலாகப் பட்டியலின் அடிப்பக்கம் போனது.

கேட்ட முறை: ஐம்பத்து நான்கு.

கடைசியாகக் கேட்டது: இன்று.

ஒரு பாட்டு கடைசி வரை ஓடினால்தான் அந்த எண் ஒன்று கூடும். எந்தப் பாட்டையும் அவள் போடவில்லை. ஸ்பீக்கர் இரண்டும் ஒயரைச் சுற்றித் தரையில் கிடந்தன.

அவள் வெளி டிஸ்கை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். திரை கறுத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது; முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர்.

அப்போதுதான் பாட்டு ஆரம்பித்தது.

எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை. சுவரின் ஸ்பாஞ்சே பாடுவது போலிருந்தது. முதலில் மெல்ல. பிறகு நெஞ்சில் இடிக்கும் அளவுக்கு.

பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம்.

மூச்சு.

இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. தரையோடு ஒட்டி, அவள் முழங்கால் உயரத்துக்கும் கீழே.

அவள் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினாள். அது எதையும் பிடிக்காமல் வெறுமனே சுற்றியது. கதவை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். ஸ்பாஞ்ச் அவள் கையை வாங்கிக்கொண்டு ஒரு சத்தமும் வெளியே விடவில்லை.

"டீச்சர், கதவு மாட்டிக்கிச்சு. திறங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் நடை ஓசை வந்து நின்றது. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல். அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"கொஞ்சம் குறைச்சு வைங்க," என்றது டீச்சரின் குரல். "எனக்குத் தலை வெடிக்குது."

அவள் உறைந்து நின்றாள். டீச்சர் அவளை வாம்மா, போம்மா என்றுதான் பேசுவார்.

வைங்க என்றது அவளிடம் இல்லை.

"டீச்சர், நான்தான். கம்ப்யூட்டர் பொண்ணு. திறங்க."

"ஒருநாள் முழுக்க ஒரே பாட்டா? கூடச் சேர்ந்து கத்த வேற செய்றீங்க." பாத நிழல் விலகியது. நடை ஓசை தேய்ந்து போனது.

கீழே, அவள் காலருகே, ஏதோ கதவைப் பிறாண்டியது. ஸ்பாஞ்ச் துணுக்குகள் அவள் பாதத்தின் மேல் உதிர்ந்தன.

"கதவு…" என்றது.

அவள் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் அத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கவனித்தாள். நான்கு நிமிடம். முடிந்தால், மறுபடி ஆரம்பிப்பதற்குள் ஒரு விநாடி, இரண்டு விநாடி இடைவெளி இருக்கும். வேலை தெரிந்தவளுக்கு அது தெரியும். மூச்சுத் திணறும் மனிதருக்கு அது தெரிந்திருக்காது.

பையிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கதவின் கீழ்விளிம்பில், பிறாண்டிப் பிறாண்டி மரம் தெரிந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். அந்த இடத்துக்கு அவள் விரல் போனபோது, அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

சில்லென்று, ஈரமாக.

அவள் கையை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மரத்தில் மூன்று அடி அடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

கதவு திறந்தது. டீச்சர் கையில் காப்பி டம்ளருடன் நின்றிருந்தார். அவள் அவர்மேல் போய் விழுந்தாள். டம்ளர் உருண்டது. பின்னால் அறை அமைதியாக இருந்தது.

ஹாலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் டீச்சர் வாய் திறந்தார்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கலம்மா. அவர் குரல்தான் கேட்டுச்சு. அன்னைக்கு மாதிரியே. என்னையறியாம அன்னைக்குச் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்." கைகளைப் பிசைந்துகொண்டார். "அன்னைக்கும் வந்து நின்னேன். பாட்டோட சேர்ந்து கத்துறார்னு நினைச்சேன். கோவத்துல ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போய்ப் படுத்துட்டேன். எழுந்து வந்து திறந்தப்போ கதவை ஒட்டிக் கிடந்தார். நெஞ்சுவலி. அந்தக் கைப்பிடி அவர் இழுத்து இழுத்துத்தான் கெட்டுச்சு."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"பசங்ககிட்ட தூக்கத்துல போயிட்டார்னு சொல்லியிருக்கேன்."

அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிஸ்கில் பாட்டுகள் முழுக்க வந்திருந்தன, அந்த ஒன்றைத் தவிர. புதியதில் ஏற்றிக் கொடுத்தாள். கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: "பழசை எடுத்துட்டுப் போயிடறியா? ராத்திரி அதோட என்னால இருக்க முடியாது."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, அதை அறையிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றச் சொன்னாள். கடையில் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிச் சுத்தியலால் உடைத்தாள். வெறும் பெட்டியைப் பின்னறையில் போட்டுப் பூட்டினாள். நடந்ததைக் கேட்ட அண்ணன், "இனிமே உனக்கு வீட்டு வேலையே கிடையாது, போ," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் காலை, வேறொரு அலுவலகத்தில் அவள் வேலையாக இருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். அவன் இத்தனை மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"பின்னாடி ரூம்ல யாரை வெச்சுப் பூட்டிட்டுப் போனே?"

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"வயசானவர் குரல். கதவைத் திறன்னு ரொம்ப நேரமா கூப்பிட்டார். பயந்துட்டுத் திறந்துட்டேன். உள்ளே யாருமில்ல." பின்னறைக் கதவை அவன் இழுத்துச் சாத்துவது கேட்டது. "ஆனா கதவை ஒட்டித் தரையைத் தொட்டுப் பாத்தேன். ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் சூடா இருக்கு, இப்பத்தான் யாரோ படுத்துக் கிடந்த மாதிரி."