588-க்கு மீதிப் பாதி

கதவு தட்டும் சத்தம் கேட்டதும், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, பள்ளி வேன் எப்படி வரும் என்றுதான் ஜெனிட்டா முதலில் நினைத்தாள். மகள் ஜோஸ்லின் இறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் மழை இருட்டிக்கொண்டு வந்தது; தூரத்தில் எங்கோ சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி அடங்க, கொடியில் காயாத துணியின் வாடைக்குள் மெல்ல மெல்லச் சேற்றின் மணமும் பாசியின் மணமும் கலந்தன. கதவு மறுபடியும் தட்டப்பட்டது. பெரியவர்கள் தட்டும் உயரத்தில் இல்லை.

"அம்மா, ஐநூத்தி எண்பத்தெட்டு."

அது மகள் செய்து வைத்த ஏற்பாடு. சரக்கு ரயில் ஓட்டும் கணவன் ஜூட் பல நாள் வீட்டில் இருப்பதில்லை. யாரென்று தெரியாமல் கதவைத் திறக்கக் கூடாது. பத்துக் கோடியே ஒன்றைப் பதினேழால் வகுத்து விளையாடியபோது ஜோஸ்லினுக்கு 58,82,353 கிடைத்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண். ஆனால் 588, 2353 என்று அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் திரும்பவும் அதே 58,82,353.

"நாம மாதிரிம்மா. நான் சின்னத் துண்டு, நீங்க பெரிய துண்டு."

வெளியே நிற்பவள் 588 சொல்வாள். உள்ளே இருப்பவள் 2353 சொல்ல வேண்டும். சொன்னால் திறந்தே ஆக வேண்டும். அது சத்தியம்.

கணக்கைப் போட்டுக் காட்டும்போது மட்டும் ஜோஸ்லின் எப்போதும் ஒரே இடத்தில் தவறுவாள். 588-ஐ 588-ஆல் பெருக்கினால் 3,45,744. அவளுக்கு 3,35,744 வரும்.

"மேல போன ஒண்ணு எங்க சாமி?"

"அது ஊரு சுத்தப் போயிருச்சும்மா."

பனமரத்துப்பட்டி ஏரியில் அவளைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.

ஜெனிட்டாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. ரெண்டாயிரத்து என்பது வரை நாக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

"சாமி... ஐநூத்தி எண்பத்தெட்ட அதாலயே பெருக்கிச் சொல்லு."

"மூணு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரத்து எழுநூத்தி நாப்பத்தி நாலு."

சரியான விடை. மூச்சுக்கூட விடாமல்.

என் பிள்ளை ஒருநாளும் இதைச் சரியாகச் சொன்னதில்லை. மனதுக்குள்தான் நினைத்தாள். உதடு அசையவில்லை.

கதவுக்கு வெளியே அதுவரை சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்றது.

"இல்ல, இல்ல. முப்பத்தஞ்சாயிரம். ஒண்ணு ஊரு சுத்தப் போயிருச்சும்மா."

அதே குரல். அதே சிரிப்பு.

ஜெனிட்டா கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் ஏதோ உட்கார்ந்தது. பலகை குளிர்ந்தது.

"இப்ப உங்க துண்டச் சொல்லுங்கம்மா. குளிருது."

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு விரல்கள். ஊறி வெளுத்தவை. சின்னவை. கட்டைவிரலோடு ஐந்து.

அதே கையில், பக்கத்தில் இன்னும் ஒன்று.

அவள் அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள்.

"மாட்டேன் சாமி," என்றாள்.