குழாய்க்குள் விட்ட கயிறு

காலை 7.40.

மூன்றாம் மாடியில் கேபிள்கள் ஏறும் ஷாஃப்டின் கதவைத் திறந்தவள், கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். சுவரில் இணைப்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நான்கு வீடுகளுக்கும் போன ஃபைபர் கேபிள் நான்கையும் காணோம்.

நாலாம் மாடிக்கு ஓடினாள். அங்கேயும் இல்லை. எட்டாம் மாடிவரை ஏறி, மூச்சு வாங்க முதல் மாடிவரை இறங்கி வந்தாள். எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு. எந்தச் சுவருக்குள்ளும் ஒரு முழம் ஃபைபர் இல்லை. குழாய் வாய்களில் நீல நைலான் கயிறுகள் மட்டும் எலிவால் மாதிரி தொங்கின.

தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைகளை நுனியோடு நுனி ஒட்டுவது அவள் தொழில். அதனால் அவள் பெயரே ஒட்டுக்காரி. பத்து மணிக்கு வீடு வீடாக வெளிச்சம் விட்டுச் சோதிக்க வந்திருந்தாள். நாளைக்குச் சாவி கொடுக்கிறார்கள். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'பழைய செம்புக் கம்பி இல்லை, உங்கள் அறைவரை ஃபைபர்.'

8.15. தரைத்தள அலுவலகம்.

மானேஜர் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க குழாயைத் திருப்ப மாட்டும் பிளாஸ்டிக் எல்போ ஒன்றை வைத்திருந்தார். அதைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டே பேசினார்.

"இதுல துப்பு துலக்க என்ன இருக்கு? உள்ள காப்பர் இருக்கும்னு நெனச்சு உருவிட்டான். கேட்டுல நிக்கிறானே, அவன்தான்."

வாட்ச்மேன் சுவரோரமாகத் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். நாற்பத்தைந்து வயது. முன்பு வேறொரு கட்டடத்தில் செம்புக் கம்பி விற்று மாட்டி, இரண்டு மாதம் உள்ளே இருந்தவன். அவன் காலடியில் ஒரு சாக்கு. அவனுடைய கொட்டகையிலிருந்து எடுத்தது. உள்ளே விரல் நீளச் செம்புத் துண்டுகள்.

"அது வெட்டிப் போட்ட துண்டுங்க சார். செம்பு அண்ணன்தான் எடுத்துக்கடான்னாரு."

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். வயர்மேன்களுக்குத் தலைவர் அங்கே நின்றிருந்தார். முப்பது வருஷமாகச் சுவருக்குள் கம்பி விட்ட கை. வேலையிடத்தில் அவருக்கு 'செம்பு' என்றுதான் பெயர். ஒட்டுக்காரிக்கு மட்டும் சித்தப்பா, அப்பாவின் சொந்தத் தம்பி. அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பொறுக்குனது எவ்வளவு, திருடுனது எவ்வளவுன்னு துண்டு பேசுமா?" என்றார் மானேஜர். "டேய், நேத்து ஞாயித்துக்கிழமை. வேலை கிடையாது. வெளியாள் எவனாவது வந்தானா?"

"வெளியாள் ஈ காக்கா வரலை சார்."

"கேட்டுக்கிட்டீங்களா? அப்போ நீதானேடா! பதினோரு மணிக்குப் போலீஸ் வருது. அங்க சொல்லிக்க."

வாட்ச்மேன் ஒட்டுக்காரியைப் பார்த்தான். "மறுபடி உள்ள போனா என் பொண்ணு என் மூஞ்சியில முழிக்கமாட்டா தங்கச்சி. இப்பதான் ரெண்டு வருஷம் கழிச்சு அப்பான்னு கூப்பிடுறா."

அவள் பெட்டியைத் திறந்தாள். ஃபைபர் துண்டு ஒன்று, அதே நீளத்தில் செம்புக் கேபிள் ஒன்று. இரண்டிலும் கறுப்பு உறை.

"அண்ணே, கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க. எது செம்பு?"

"வலது கை" என்றான், கை மூடுவதற்குள். "இடது கையில என்ன, நூலா? கனமே இல்லையே."

"நடிக்கிறான்" என்றார் மானேஜர்.

"ஏமாந்தாக்கூட ஒரு வீட்டுலதான் சார் ஏமாறுவாங்க. மொதக் கேபிளை வெட்டினதும் தெரிஞ்சிரும். முப்பத்திரண்டு தடவையா ஏமாறுவாங்க? ஷாஃப்டுல பெருவிரல் கனத்துக்கு எர்த் கம்பி ஓடுது, சுத்தச் செம்பு. அதுல ஒரு கீறல் கூட இல்லை."

"அப்போ காசுக்கு ஆகாத கண்ணாடியை எவன் திருடுவான்?"

அதுதான் கேள்வி. பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி மாடி ஏறினாள்.

9.20. மூன்றாம் மாடி, இரண்டாவது வீடு.

கூடத்துச் சுவரில் பிளக் பெட்டி. அதன் வாயிலும் அந்த நீலக் கயிறு. இழுத்துப் பார்த்தாள். ஷாஃப்டுக் கதவருகே கயிற்றின் மறுமுனை ஆடியது. அவள் மனசில் ஏதோ முள் மாதிரி குத்தியது.

குழாய்க்குள் கேபிளை எப்படி விடுவார்கள்? முதலில் கயிறு. கயிற்றின் நுனியில் கேபிளைக் கட்டி இந்தப் பக்கமிருந்து இழுப்பார்கள். கேபிள் உள்ளே போகும், கயிறு வெளியே வந்துவிடும். போன மாதம் முப்பத்திரண்டு வீட்டுக்கும் இழுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். அன்றைக்குக் கயிறெல்லாம் வெளியே வந்து, ஒரு பையன் அதைப் பந்தாகச் சுற்றி வைத்தான்.

அப்படியானால் இந்தக் கயிறு நேற்று வந்தது.

வெட்டி உருவி ஓடுகிற திருடன் குழாயை அம்போ என்று விட்டுவிட்டுப் போவான். கேபிளின் வாலில் கயிறு கட்டி, கேபிள் வெளியே வரும்போதே கயிற்றை உள்ளே விட்டுப் போகிறவன் யார்? அடுத்து வருகிறவன் குழாயை வெறுமையாகப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. கையே செய்துவிட்டது.

சுவர் குளிர்ந்திருந்தது. அவள் கயிற்றைக் கையிலிருந்து விட்டாள்.

9.55.

"வாட்ச்மேனைக் கொஞ்சம் மேல அனுப்புங்க சார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்."

"ஓடிட்டான்னா?"

"மூணாவது மாடியிலேருந்து எங்க சார் ஓடுவாரு, றெக்கையா இருக்கு?"

மிச்சமிருந்த ஃபைபர் சுருளிலிருந்து பதினைந்து மீட்டர் வெட்டித் தரையில் நேராகக் கிடத்தினாள். ஒரு முனையில் சிவப்பு வெளிச்சம் விடும் பேனாவைச் செருகினாள். மறுமுனையில் குங்குமப் பொட்டு மாதிரி வெளிச்சம் நின்றது. இழை நல்ல இழை. பிறகு நீலக் கயிற்றில் அதைக் கட்டினாள். வாட்ச்மேன் கூடத்திலிருந்து பதமாக இழுத்தான். இரண்டு இடத்தில் சிக்கி, இரண்டு இடத்திலும் முரண்டு பிடித்து வந்தது.

ஷாஃப்ட் பக்கம் பேனாவை மறுபடி செருகினாள். "வருதா அண்ணே?"

"ஒண்ணும் வரலை தங்கச்சி."

"கையால மறைச்சு, உள்ள பாருங்க."

"கும்மிருட்டு."

பக்கத்து வீட்டுக் குழாயிலும் பார்த்தாள். அங்கேயும் இருட்டு.

கேபிள் சுவருக்குள்ளேயே இருந்திருந்தாலும் இன்று பத்து மணிச் சோதனையில் முப்பத்திரண்டு வீடும் இருட்டாகத்தான் இருந்திருக்கும். அது வெளியே தெரியக்கூடாது என்றுதான் ஒருவர் திருட்டு நடந்த மாதிரி செய்திருக்கிறார்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நேத்து வெளியாள் வரலைன்னீங்க. உள்ளாள்?"

வாட்ச்மேன் கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான்.

"யாரு வந்தா என்ன தங்கச்சி? ஜெயில்லேருந்து வந்தவன்னு ஊரே கதவைச் சாத்தினப்ப எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரு. அவரைப் போய் நான்..."

அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் நினைத்தாள். நினைத்ததை நினைத்துக் காது சுட்டது.

11.05. அலுவலகம்.

போலீஸ்காரர் நாற்காலியில். மானேஜர் மேசைக்குப் பின்னால். வாட்ச்மேன் தரையில். வயர்மேன்கள் ஆறு பேரும் கதவை அடைத்துக்கொண்டு. அவர்களுக்கு முன்னால் சித்தப்பா.

"கட்டடத்துக்கே தெரிஞ்சவர்தான் எடுத்தாரு" என்றாள் ஒட்டுக்காரி. கயிறு, இருட்டு, நேற்றைய ஞாயிறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு மானேஜர் மேசையிலிருந்த எல்போவை எடுத்தாள்.

"காகிதத்து மேல வெச்சிருக்கீங்களே, இதுதான் சார் விஷயம். முழங்கையை மடக்கின மாதிரி திருப்பம். செம்புக் கம்பியை இதுல எப்படி மடக்கினாலும் வேலை செய்யும். ஃபைபர் கண்ணாடி. இந்த மடிப்புல ஒண்ணு வெளிச்சம் கசிஞ்சு போயிடும், இல்லைன்னா இழையே ஒடிஞ்சிரும். அகலமா வளையுற பெண்ட் போட்டிருக்கணும். ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளயும் இந்த எல்போ ரெண்டு இருக்கு. மேல பூச்சும் பூசியாச்சு, பெயின்ட்டும் அடிச்சாச்சு."

"குழாய் போட்டது யாரு?" என்றார் போலீஸ்காரர்.

அவள் வாய் திறப்பதற்குள் குரல் வந்தது.

"நான்தான். கேபிளை எடுத்ததும் நான்தான்." சித்தப்பா தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "மொட்டை மாடிக் காலித் தொட்டியில இருக்கு. ஒண்ணும் விக்கலை. இந்த எல்போ கண்ணாடிக்கு ஆகாதுன்னு முந்தாநாள்தான் தெரிஞ்சுது. ரெண்டு நாள் கெடைச்சா சுவரை ஒடைச்சு நானே மாத்திடலாம்னு பார்த்தேன். புத்தி கெட்டுப்போச்சு."

"உனக்காக இவன் உள்ள போயிருப்பானேய்யா!" என்றார் போலீஸ்காரர்.

"போறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் இருந்தேன்." கையிலிருந்த துணியை முறுக்கினார். "இல்லை. தெரியலை. சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலை." வாட்ச்மேன் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை.

மானேஜர் வெடித்தார். "முப்பது வருஷ சர்வீஸ்! தெரியலைன்னா வாயைத் திறந்து கேட்கிறதுக்கு என்ன கேடு?"

"கேட்டேன்."

"யார்கிட்ட?"

அவர் துணியை நான்காக மடித்தார். "ஞாபகம் இல்லைங்க."

ஒட்டுக்காரிக்கு ஞாபகம் இருந்தது. நாலு மாதம் முன்னால், பூச்சுக்கு முன், இரண்டாம் மாடி. எல்லார் முன்னாலும் ஒரு எல்போவைத் தூக்கிக் காட்டி, கூச்சத்தோடு, 'பாப்பா, உங்க கண்ணாடிக் கம்பிக்கு இது போதுமா?' என்று கேட்டார். படித்து வந்த திமிர் அவளுக்கு. 'ஐயோ சித்தப்பா, நீங்க இன்னும் செம்புக் காலத்துலேயே இருக்கீங்களே!' என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பில் பதில் சொல்ல மறந்தாள். அன்று சாயங்காலமே அவருக்குப் பெயர் செம்பு. அப்புறம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"என்கிட்டதான் கேட்டாரு" என்றாள். "நான் சிரிச்சேன். பதில் சொல்லலை. எழுதிக்கிறதா இருந்தா அதையும் எழுதிக்கங்க சார்."

போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு மானேஜரைப் பார்த்தார். மானேஜர் எல்போ இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாக்கைக் காலால் வாட்ச்மேன் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போடா. போ, கேட்டைப் பாரு."

வாட்ச்மேன் எழுந்து, சாக்கைத் தொடாமல் நடந்தான். கதவருகே சித்தப்பாவைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான். என்ன சொல்வானோ என்று எல்லாரும் பார்த்தார்கள். "தண்ணி குடிச்சீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சித்தப்பா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். அன்றைக்குச் சிரித்த ஆறு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மெதுவாகக் கூப்பிட்டான், "செம்பு அண்ணே..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.