பலகையில் இடது ஷூ

குளிர்பதனக் கிடங்கில் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல வெயில். பயப்படுவதற்குக் கொஞ்சமும் தோதில்லாத வெயில். கல்லூரி விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறவனை அம்மாவால் தாங்க முடியவில்லை. கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டாள்.

"இவன் என் அக்கா பையன். பேச்சுப் போட்டியில கோப்பை வாங்கினவன்" என்று மாமா அறிமுகப்படுத்தினார்.

"எதப் பத்திப் பேசினாப்ல?" என்று கேட்டார் பெட்டி அடுக்குகிறவர். வெளியே வெயிலிலும் கழுத்தில் மஃப்ளரைக் கழற்றாத மனிதர். எல்லாருக்கும் அவர் மஃப்ளர் அண்ணன்.

"மனுஷன் மிருகம் இல்ல, அவனுக்கு அறிவு இருக்கு, அறம் இருக்குன்னு" என்றார் மாமா.

"ஓ. எதிர்த்துப் பேசினது யாரு, மிருகமா?"

அன்று முதல் அவன் பெயர் கோப்பை.

வேலை சுலபம். உள்ளே ஆப்பிள் பெட்டிகள். அழுகியதைப் பொறுக்க வேண்டும். கதவு யானைக்குச் செய்ததுபோலக் கனம். வெளியே தாழ்ப்பாள் உண்டு. உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து பல வருடம் ஆகிறது. சரி செய்ய எழுதிப் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தன் இடது ஷூவைக் கதவோரப் பலகையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பலகையில் ஷூ இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். கதவை மூடக் கூடாது. அடுத்தவன் ஷூவை யாரும் தொடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். கைப்பிடியை மாற்றுவதைவிட இது மலிவு.

பலகையின் கோடியில் ஒரு பழுப்பு ஷூ தனியாக இருந்தது. வார் இற்றுப்போயிருந்தது.

"இது யாரோடது?"

"நம்மாளோடது" என்றார் மஃப்ளர் அண்ணன். "ஒருநாள் கேஸ் கசிஞ்சு எல்லாரும் ஓடினாங்க. ஓடற அவசரத்துல யாரோ கால் பட்டு அந்த ஷூ பெட்டிக்குப் பின்னாடி விழுந்திடுச்சு. பலகை காலி. உள்ள ஆள் இல்லைன்னு பூட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஷூவைத் தேடி எடுத்து வச்சோம்." மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "பூட்ஸைக் கழட்டிக் கதவைத் தட்டியிருக்கான், பாவம். ஒரு கால் வெறுங்காலாக் கிடந்தான்."

கோப்பை சிரித்து வைத்தான். புதுசாக வந்தவனுக்கு எல்லா இடத்திலும் ஒரு பேய் தருவார்கள். விடுதியில்கூடக் குளியலறையில் ஒன்று இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் இடது ஷூக்களைப் பலகையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்கள். ஆப்பிள் வாசனை குளிரில் கெட்டியாகி மூக்கில் ஒட்டியது. தலைக்கு மேல் மின்விசிறிகள் ஓயாமல் இரைந்தன. மூச்சு புகையாகப் போய்க் கலைந்தது. மஃப்ளர் அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் புது ஷூ வாங்கப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது.

விசிறிகளும் நின்றன.

இத்தனை நேரம் அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்த ஒரு சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. ரப்பர் பூட்ஸ் தரையில் பதியும் சத்தம். அடுத்து, ஈரமான வெறுங்கால் ஒட்டி எடுபடும் சத்தம்.

பூட்ஸ். வெறுங்கால். பூட்ஸ். வெறுங்கால்.

"அண்ணா, நீங்க நடக்கறீங்களா?"

"நான் நின்னுட்டுத்தான் இருக்கேன்" என்றது பக்கத்திலிருந்து அவர் குரல், மிக மெதுவாக.

கோப்பையின் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் சூடு இல்லை.

அப்புறம் நடந்ததை அவன் செய்ததாகச் சொல்ல முடியாது. கால் செய்தது. தோள் செய்தது. வழியில் நின்ற எதையோ இரண்டு கையாலும் தள்ளியது. அது மெத்தென்று இருந்தது, அதன் கழுத்தில் கம்பளி இருந்தது. பெட்டிகள் சரியும் சத்தம் பின்னால் கேட்டது. கதவிடுக்கு வெளிச்சம் நோக்கி ஓடினான்.

"தம்பி... கால் மாட்டிக்கிச்சு... கதவை மூடிடாத..."

மூடினான். தாழ்ப்பாளும் போட்டான்.

வெளியே அதே வெயில். ஒரு காகம் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவன் பூட்ஸைக் கழற்றித் தன் ஷூக்களை மாட்டிக்கொண்டான். முடிச்சு நன்றாகவே விழுந்தது.

இனி திறந்தாக வேண்டும். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரம். ஆனால் கை எழும்பவில்லை.

சரி, மாமாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், 'நீ எப்படி வெளியே வந்தே? கதவை மூடினது யாரு?' என்று கேட்பார்.

இந்த இடத்தில்தான் அறிவு வந்து சேர்ந்தது. ஓடும்போது எங்கோ போயிருந்தது. இப்போது மேடையேறும் பேச்சாளனைப்போல நிதானமாக வந்தது. அது எடுத்து வைத்த வாதம் இது: பலகையில் ஷூ இல்லையென்றால் உள்ளே ஆள் இருந்தது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு யாரும் பொறுப்பில்லை.

எழும்பாத கை இப்போது எழுந்தது. மஃப்ளர் அண்ணனின் இடது ஷூவை எடுத்தது. உள்ளே இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அதையும் கீழே கிடந்த அதன் ஜோடியையும் சாக்குக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு வந்தது.

மிருகமாக இருந்தால் ஓடியதோடு நின்றிருக்கும்.

கதவு தட்டப்பட்டது. உள்ளிருந்து.

ரப்பரால் தட்டுவதுபோல.

அவன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டான், சத்தம் கேட்காமல் இருக்க.

மாமா வந்தார். "கரண்ட் போச்சாமே. உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்ல மாமா."

"மஃப்ளர் எங்க?"

"டீ குடிக்கப் போனாரு."

மாமா பூட்டை எடுத்தார். வழக்கம்போலப் பலகையைப் பார்த்தார். பூட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அப்ப இது என்னடா?"

மஃப்ளர் அண்ணனின் இடது ஷூ பலகையில் இருந்தது. அதன் மேல் பனி பூத்திருந்தது. அந்த வெயிலில் அது உருகவும் இல்லை.

கதவைத் திறந்து, பெட்டிகளை அகற்றி, அவரை வெளியே தூக்கி வந்தார்கள். உதடு நீலம். ஆனால் உயிர் இருந்தது. வெயிலில் கிடத்தித் தேய்த்துவிட்டதும் கண்ணைத் திறந்தார். திறந்ததும் கோப்பையைத் தேடினார்.

"இவன் இல்லைன்னா நான் இல்ல" என்றார். "கையை விடவே இல்லை இவன். ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பூட்ஸைக் கழட்டிக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தான், அவ்வளவு தூரம் எப்படி எட்டுச்சோ. 'நான் ஓடிட மாட்டேண்ணா'ன்னான். கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"அண்ணா... நான்..."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

பிறகு வந்து கூடி நின்றவர்கள் கோப்பையின் முதுகில் தட்டினார்கள். மாமா மட்டும் தட்டவில்லை. அவர் கோப்பையின் கால்களைப் பார்த்தார். இரண்டு ஷூவும் மாட்டி முடிச்சுப் போட்டிருந்தான்; அவற்றில் தூசியும் படிந்திருந்தது.

"வீட்டுக்குப் போ" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழையும்முன் வாசலில் இரண்டு ஷூவையும் கழற்றி வைத்தான். சேதி முன்னாலேயே வந்திருந்தது. அம்மா அவன் தலையைத் தடவினாள்; அலமாரியிலிருந்த கோப்பையைத் துடைத்து முன்வரிசையில் வைத்தாள். உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும், "பசிக்குதும்மா" என்றுதான் வந்தது.

சாப்பிடும்போது ஃபோன் அடித்தது. மாமா. பின்னால் எங்கோ ஏதோ தட்டும் சத்தம்.

"உன் இடது ஷூ இங்க பலகையில இருக்குடா."

"இல்லையே மாமா. போட்டுக்கிட்டுத்தானே வந்தேன்." சொல்லிக்கொண்டே எழுந்து வாசலை எட்டிப் பார்த்தான்.

வலது ஷூ மட்டும் இருந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. கதவைப் பூட்டலாம்னு வந்தேன்." மாமாவின் குரல் இறங்கியது. "உள்ள யாரோ தட்டறாங்க. 'மாமா, நான்தான்'ங்கறான்."

தட்டும் சத்தம் நின்றது.

"டேய். நீ வீட்லதானே இருக்கே?"

ஆமாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.