ஒன்பதாவது கட்டை

பவுலினின் தலையில் இருந்த விறகுக் கட்டுக்குள் பத்திநாதனின் சர்டிபிகேட் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவள் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டாள். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்ததிலிருந்து ஆடி மழையில் நனைந்து கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தொழிலாளர் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் காய்ந்த விறகும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்தான்.

"நில்லுங்க... அந்தக் கட்டைய எங்கேருந்து எடுத்தீங்க?"

ஒற்றையடிப் பாதையில் எதிரே ஏறி வந்தவன் வழியை மறித்தான். ஒல்லியான ஆள். ஈரமான கால்சட்டை, சேறு அப்பிய சப்பாத்து. பவுலின் தலைச்சுமையை இறக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

அந்தக் கண்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அழகான கண்கள்... இமையோரத்தில் மழைத்துளி தொங்கிக்கொண்டு நின்றது. ஆனால் தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்து போயிருந்தன. காதல் வருவதற்கு இதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. அது கேட்டுக்கொண்டா வருகிறது? பத்திநாதனுக்குக் கோபம் ஒரு கணம் மறந்து போனது. பிறகு ஞாபகம் வந்தது.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"மேல, தேயில புடுங்கிப் போட்ட எடத்துல எடுத்தேன். ஏன்?"

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"வெறகு பொறுக்க யாரக் கேக்கணும்? எந்தப் பைத்தியக்காரனோ வெறக மண்ணுல நட்டு வச்சிருந்தான். மொளைக்குமான்னு பாக்குறான் போல."

"அந்தப் பைத்தியக்காரன் நான்தான்."

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "அப்பிடியா... பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க."

தோட்டத்து வழக்கம் அதுதான். பழைய தேயிலையைப் பிடுங்கினால் அங்கே மிஞ்சும் வேரும் குச்சியும் கொழுந்துப் பெண்களுக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே கட்டை நடுகிறவன் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். பத்திநாதன் சொல்லவில்லை. நான்கு நாள் மழையிலும் பனியிலும் ஒற்றை ஆளாக அளந்து எட்டுக் கட்டைகளை நட்டுவிட்டு, "வேலை முடிந்தது, வந்து பாருங்கள்" என்று ஹட்டனில் இருந்த தன் மாஸ்டருக்குத் தகவல் சொல்ல மத்தியானம் பொகவந்தலாவைத் தபால் கந்தோருக்குப் போய்விட்டான். திரும்பி வந்தால் வெறும் மண்.

"நாளைக்குக் காலைல மரியநாயகம் மாஸ்டர் வாறாரு," என்றான். குரல் தளர்ந்திருந்தது. "கொழுந்துக்குப் போறவங்க கைப்புள்ளைகள வுட்டுட்டுப் போக புதுப் புள்ள மடுவம் கட்டப் போறாங்களே, அதுக்கு மூலையிலயும் சுவரு நடுவுலயும் நட்டு வச்ச கட்ட அது. அவரு அளந்து பாத்து சரின்னாத்தான் எனக்கு சர்டிபிகேட். போன வருசம் ஒருக்கா பெயிலாயிட்டேன். இந்த வாட்டியும் போனா பாதர்மாரு வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

அவன் படித்தது ஹட்டன் பக்கத்தில் கத்தோலிக்கச் சாமிமார் நடத்தும் தொழிற்பள்ளியில். கட்டட வேலையை மேற்பார்க்க இரண்டு வருஷப் படிப்பு. நீ எந்த நாட்டுக்காரன், குடியுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்காமல் அவனைச் சேர்த்துக்கொண்டது அது ஒன்றுதான். அங்கிருந்து வெளியே வந்தால் அவனுக்கு வேறு கதவு கிடையாது.

பவுலினுக்கு மனசு இளகத்தான் செய்தது. மன்னிப்புக் கேட்க வாயும் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"லயத்து ஆளுகளுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போகுது..."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அவள் தலைச்சுமையை இறக்கினாள். கொடியை அவிழ்த்தாள். தேயிலைக் குச்சிகளுக்கு நடுவிலிருந்து, தலையில் ஆணி அடித்த சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி அவன் காலடியில் அடுக்கினாள். எட்டும் இருந்தன.

"வாங்க. எது எங்க இருந்துச்சுன்னு காட்டுறேன்."

"கட்ட இருந்த குழியெல்லாம் மழயில கரைஞ்சிருக்கும். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆறு வருசமா அது நான் கொழுந்தெடுத்த நெர. ஒவ்வொரு தேயிலையும் எங்க நின்னுச்சுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். லயத்து ஆளுக்கு அதாவது வெளங்கும்."

அவன் கட்டைகளை அள்ளிக்கொண்டு பின்னால் நடந்தான்.

இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மழை வலுத்தது. அங்கே கிடந்த வெற்றுச் சாக்கை எடுத்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் சொருகி, கொங்காணியாக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் வேலையை ஆரம்பித்தான். பவுலின் அதைப் பார்த்தாள்.

"இது தண்டு முறிஞ்ச தேயில நின்ன எடம். இதுல ஒண்ணு. அங்க கல்லோட ஒட்டி நின்னுச்சே, அதுல ஒண்ணு..." அவள் காட்டக் காட்ட அவன் மண்ணைத் தடவிப் பார்த்தான். எல்லா இடத்திலும் சேற்றுத் தண்ணீருக்கு அடியில் அவன் அறைந்த குழி இருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் நாடாவை ஆணியோடு சேர்த்து அசையாமல் அழுத்தின. நான்கு நாள் தனியாக மல்லுக்கட்டியவனுக்கு மறுமுனையில் ஓர் ஆள் நிற்பது எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது. இவள் இப்படியே நிற்கமாட்டாளா... என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டான்.

"கோணலா இருந்தா என்னாகும்?"

"கூரை பொருந்தாது. ஒழுகும்."

"எங்க லயத்துக் காம்பராவும் ஒழுகுது. அதக் கட்டுனவரும் சர்டிபிகேட் வச்சிருந்தாராங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்... திரும்பிக்கொண்டதால் தெரியவில்லை.

எட்டுக் கட்டையும் நட்டாகிவிட்டது. கடைசியாக மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் கட்டடம் நேர். முதலாவதை அளந்தான். இரண்டாவதை அளந்தான். மூன்று அங்குலம் கூடியது.

"நீங்க கடைசி மூலைய தப்பா காட்டியிருக்கீங்க."

"இல்லீங்க. அங்கதான் இருந்துச்சு. குழியப் பாருங்க."

குனிந்து பார்த்தான். குழி இருந்தது. சுற்றிலும் தடவினான். வேறு குழி இல்லை. கட்டையை மூன்று அங்குலம் தள்ளி வைத்து அளந்தான். இரண்டும் ஒன்றாக வந்தன.

அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் பனிமூட்டத்தில் அடுத்த முனையே தெரியவில்லை. கை விறைத்துப் போயிருந்தது. இரண்டாவது குறுக்களவை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டான். அலுப்பில் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டான். தப்பு அவனுடையது. இவள் பிடுங்காமல் இருந்திருந்தால் நாளைக் காலை மாஸ்டர் முன்னால் நிச்சயம் பெயில்.

"அப்ப... நான் காட்டுனதுதான் தப்பாங்க?" என்று கேட்டாள் பவுலின்.

ஒரே ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். லயத்து ஆளுக்கு என்ன வெளங்கும் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன அதே வாய்... திறக்க மறுத்தது.

"ம்... கொஞ்சம்."

"அலுப்புல கண்ணு தப்பிப் போச்சு போல." அவள் மெதுவாகச் சொன்னாள். "மன்னிச்சிருங்க."

மெலிந்துபோன விறகுச் சுமையைத் தூக்கிக்கொண்டு போனாள். நன்றாக எரியக்கூடியதாக இருந்தது அந்த எட்டுக் கட்டைதான். மற்றதெல்லாம் ஈரக் குச்சி.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மரியநாயகம் மாஸ்டர் முதல் பஸ்ஸில் வந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாடாவை விரித்தார். பக்கத்துச் சரிவில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரத்தில் பவுலின். அவள் கண்கள் நேற்றைவிடச் சிவந்திருந்தன.

மாஸ்டர் நான்கு பக்கமும் அளந்தார். குறுக்கே அளந்தார். தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தவர், கடைசி மூலையில் நின்றுவிட்டார்.

"இதென்னடா, கட்டைக்குப் பக்கத்துல இன்னொரு குழி?"

பத்திநாதனிடம் பதில் தயாராக இருந்தது. விறகு பொறுக்க வந்த பெண் ஒருத்தி பிடுங்கிவிட்டாள், திரும்ப நட்டபோது இடம் மாறிவிட்டது... முக்கால்வாசி உண்மை. மாஸ்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம். நன்றாகத் தூங்கலாம்.

தேயிலைக்கு மேல் பவுலினின் கை நின்றுபோயிருந்தது. அவள் நிமிரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நான் மொதல்ல வச்ச எடம் சேர்," என்றான் பத்திநாதன். "மூணு அங்குலம் தப்பு. ரெண்டாவது குறுக்களவ நான் பாக்கல."

"பிறகு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"வெறகுன்னு நெனச்சுக் கட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. நான் தோட்டத்துல சொல்லி வைக்காதது தப்பு. எடுத்தவுங்களே வந்து, எட்டு எடத்தையும் சரியாக் காட்டி, மழயில நாடாவும் பிடிச்சாங்க. அப்பதான் என் தப்பு தெரிஞ்சுச்சு." தேயிலைப் பக்கம் திரும்பினான். "அவுங்ககிட்ட நேத்து நான் உண்மையச் சொல்லல. அவுங்க தப்பா காட்டுனதாச் சொல்லிட்டேன்."

மாஸ்டர் அவனையும் பார்த்தார், தேயிலைப் பக்கமும் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போட ஏலாது பத்திநாதா. சுவர் எழும்பி, கூரைத் தகரம் ஏறுற வரைக்கும் நீ இங்கயே நில்லு. அது நேரா இருந்தா அப்பப் போடுறேன். பாதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இன்னும் ஐந்தாறு மாதம். மழை, சேறு, விறைத்த கை. மாஸ்டர் போனதும் பத்திநாதன் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வருமளவுக்கு அலுப்பாக இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் பவுலின் கூடையோடு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ராத்திரி பூரா தூங்கல நான். எப்பிடித் தப்பாக் காட்டினேன், எப்பிடித் தப்பாக் காட்டினேன்னு..."

"தெரியுது. கண்ணப் பாத்தேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னொண்ணும் சொல்லணும். நானும் லயத்து ஆளுதான். றொசல்ல தோட்டத்துல எட்டாம் நம்பர் காம்பரா. அம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்குறா."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். மழ வந்ததும் சாக்க கொங்காணி போட்டீங்களே... தொர வூட்டுப் புள்ளைக்கு அது மடிக்கத் தெரியுமா? இவ்வளவு தெரிஞ்ச ஆளு ஏன் அப்பிடிப் பேசினாருன்னுதான் நெஞ்சு வலிச்சுச்சு."

அவன் தலையை நிமிர்த்தினான். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னான். "நேத்து நாடாவோட அந்தப் பக்கம் நீங்க நின்னப்ப என் அலுப்பு பாதியாக் கொறஞ்சுச்சு பவுலின். ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு. இதச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியல... இருந்தாலும் சொல்றேன்."

"என் பேரு யாரு சொன்னா?"

"கங்காணிகிட்டக் கேட்டேன். கட்டையப் பத்தியும் சொல்லிட்டேன், இனி யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்தாள். முகம் சிவந்ததா, வெயிலா... நகரப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. இப்பவே சொல்ல வேணாம். பாதையோரம் இன்னொரு கட்ட நட்டு வைக்கிறேன். அது எந்தக் கணக்கிலயும் சேராது. ஒங்களுக்குச் சம்மதம்னா சாயந்திரம் வெறகோட வெறகா எடுத்துக்கிட்டுப் போங்க. இல்லன்னா அப்பிடியே விட்டுருங்க... நான் புரிஞ்சுக்குவேன்."

அன்று அவன் அடித்தளக் கோட்டுக்குக் கயிறு கட்டினான், கட்டிய கயிற்றை மூன்று தடவை சரிபார்த்தான், நடுநடுவே பாதையோரம் நின்ற ஒன்பதாவது கட்டையைப் பார்த்தான். சாயந்திரம் மறுபடி மழை பிடித்தது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். கங்காணி சொல்லி வைத்திருந்ததால் ஒருத்தியும் கட்டைப் பக்கம் திரும்பவில்லை. பவுலின் விறகுக் கட்டோடு கடைசியாக வந்தாள். கால் இழுத்துக்கொண்டு வந்தது. கட்டையைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டாள்.

பத்திநாதன் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

"இவ்வளவு ஆழமாவா அறைவாங்க?"

திரும்பினான். அவள் விறகை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் அந்தக் கட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. அவன் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தான். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சேற்றை முந்தானையில் துடைத்து, அதை விறகுக் கட்டுக்கு நடுவில், ஈரம் படாத இடத்தில் சொருகினாள். கண்களில் அதே களைப்பு. ஆனால் இப்போது அவை அவனைவிட்டு விலகவில்லை.

"ஞாயித்துக்கெழம ஒங்க அம்மாவ வரச் சொல்லுங்க," என்றாள். "றொசல்லயிலேருந்து ரயில், பஸ்ஸுன்னு அலுத்துப் போய் வருவாங்க. மொதல்ல தேத்தண்ணி குடிக்கட்டும், பேச்செல்லாம் பிறகு... இந்தக் கட்டைய அதுவரைக்கும் காய வச்சிருக்கேன்."