ஒன்பதாவது நிமிஷம்

போன் அலறியது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் காலை பத்து மணி. மெக்கானிக்கின் வாயில் ஒரு ஸ்க்ரூ, கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஐம்பது வயதான அவளைத் தெரு மொத்தமும் 'ஸ்க்ரூ அக்கா' என்றுதான் கூப்பிட்டது. அவளும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் வயதைத் தாண்டியிருந்தாள்.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். ஒரு பழைய கம்ப்யூட்டர். தானா அணைஞ்சு போகுது. உடனே வரணும்."

"பழசுன்னா அணையத்தான் சார் செய்யும். எவ்வளவு பழசு?"

"பதினோரு வருஷம்."

"தலை முழுகிட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்க."

"முடியாதும்மா. இதை வெச்சுத்தான் ஒருத்தன் கொலைகாரனா இல்லையான்னு சொல்லணும்..."

ஸ்க்ரூ அக்கா பையை எடுத்துக்கொண்டாள்.

மாடி வீடு. செங்குத்தான படிக்கட்டு. கீழ்ப்படியில் சாக்கட்டியால் வரைந்த கோடு பாதி அழிந்து கிடந்தது.

"இங்கேதான் விழுந்து கிடந்தார்." இன்ஸ்பெக்டர் படியேறிக்கொண்டே சொன்னார். "இந்த வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்ற தபால்காரர். போன புதன்கிழமை காலைல. தலையில அடி. ஆறு மணிக்கு உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்."

"வழுக்கி விழுந்திருப்பார் சார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அன்னிக்கே கம்ப்யூட்டர்ல ஒரு கடிதம் கிடைச்சுதே... அதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எழுதினது."

பிரிண்ட் எடுத்த இரண்டு பக்கங்களை நீட்டினார். அவள் நின்று படித்தாள்.

'எனக்கு ஏதாவது ஆனால் என் மாப்பிள்ளைதான் காரணம். என் மகளைப் பன்னிரண்டு வருடமாக அடிக்கிறார். கேட்டதற்குப் படிக்கட்டில் வைத்து என் கழுத்தைப் பிடித்தார்...'

மிச்சத்தைப் படிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன வேலை?"

"ஸ்கூல்ல உதவித் தலைமை ஆசிரியர்."

"அப்போ அடிக்கப் படிச்சவர்தான்."

மேலே முன் அறை. மூலையில் கம்ப்யூட்டர் மேஜை. சுவர் ஓரமாக அந்த ஆசிரியர், மடிப்புக் கலையாத சட்டையோடு. அருகில் ஒரு கான்ஸ்டபிள். சமையலறை நிலைப்படியில் பெரியவரின் மகள். முப்பத்தெட்டு வயது இருக்கும். வெயில் கொளுத்தும் நாளில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். ஏன் என்று கேட்கிற அளவுக்கு ஸ்க்ரூ அக்கா வெகுளி இல்லை.

"நான் விளக்கிடறேன் மேடம்." ஆசிரியரின் குரல் தேனாக இருந்தது. "இந்த மிஷின் ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஓடாது. ஒரு வருஷமாவே இப்படித்தான். ஆனா அந்தக் கடிதத்தை ஒரே மூச்சுல நாற்பத்தொரு நிமிஷம் டைப் பண்ணி, ஒரே ஒரு தடவை சேவ் பண்ணியிருக்கு. ஃபைலே சொல்லுது. ஒன்பது நிமிஷம் ஓடற மிஷின்ல எப்படி நாற்பத்தொரு நிமிஷம் டைப் அடிக்க முடியும்? வெளியே எங்கேயோ அடிச்சுக் கொண்டாந்து இதுல போட்டிருக்காங்க. மாமா எழுதலை."

"பின்னே யார் எழுதினாங்களாம்?"

ஆசிரியர் நிலைப்படியைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்கம்மா." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "என்கிட்ட இருக்கறது அந்தக் கடிதம் ஒண்ணுதான். அது இங்கே டைப் பண்ணதா இருக்க முடியாதுன்னு நீங்க சொல்லிட்டா, சாயந்திரமே இவரை விட்டுடணும்."

"எங்கே போவார்?"

"எங்கே போவார்... வீட்டுக்குத்தான். இங்கேதான்."

நிலைப்படியில் நின்றவளின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்க ஆரம்பித்தன.

ஸ்க்ரூ அக்கா பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம்.

கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டார்.

ஏழு. எட்டு.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. அணையாதே, அணையாதே என்று ஒரு இயந்திரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாவம், அதுவரை மனிதர்களிடம் கெஞ்சி அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்பது...

திரை இருண்டது.

ஆசிரியர் மெல்லப் புன்னகைத்தார். பள்ளிக்கூடத்தில் பையன் சரியான விடை சொன்னால் புன்னகைப்பாரே, அதே புன்னகை.

"நான் சொல்லலை? எழுதிக் குடுத்துடுங்க மேடம். கிளம்பணும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "சாயந்திரம் பேசிக்கலாம் நாம."

சாதாரண வார்த்தைகள்தான். ஆனால் அதைக் கேட்டு அவள் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருங்க சார். அவசரப்பட்டா எப்படி?" ஸ்க்ரூ அக்கா கொண்டையில் இருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினாள். "அணையுதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன் அணையுதுன்னு பார்க்க வேண்டாமா?"

"அதெல்லாம் எதுக்கு? பழசு..."

"பழசுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு நான் எதுக்கு? யார் வேணா சொல்லலாமே."

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கொதித்தது.

"சூடு சார். மூளைக்கு மேல ஒரு குட்டி ஃபேன் இருக்கும். அது சுத்தலைன்னா சூடேறும். ஒரு அளவுக்கு மேல சூடேறினா, வெந்து போறதுக்கு முன்னாடி மிஷின் தானாவே அணைச்சுக்கும். மனுஷங்களுக்குத்தான் அந்தப் புத்தி கிடையாது."

"ஃபேன் கெட்டுப்போச்சா?"

அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"சார், இது பதினோரு வருஷத்துப் பெட்டி. தூசி எவ்வளவு இருக்கணும்? தலையணை அடைக்கலாம். ஆனா ஃபேன் சுத்தமா இருக்கு. கீழே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கிற பேஸ்ட் புத்தம் புதுசு, இன்னும் காயக்கூட இல்லை. யாரோ சமீபத்துல பிரிச்சு, துடைச்சு, ஒழுங்கா சரி பண்ணியிருக்காங்க."

"நான்தான்." நிலைப்படியில் இருந்து சின்னக் குரல். "அப்பா பேப்பர் படிக்கப் படிக்க அணைஞ்சு போகுதுன்னு வருத்தப்பட்டார். மூணு வாரம் முன்னாடி போன்ல வீடியோ பார்த்து நானே பண்ணினேன்."

"நல்லாவே பண்ணியிருக்கே. என் கடைக்குப் போட்டியா வந்துடாதே."

ஆசிரியரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

"சரி பண்ணினதா சொல்றா. இப்பவும் அணையுதே மேடம்? அப்போ சரியாகலைன்னுதானே அர்த்தம்?"

"அணையாம என்ன சார் செய்யும்? ஃபேனோட ஒயரை யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க."

ஆசிரியர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தானா... தானா கழண்டிருக்கும்."

"கழண்டா தொங்கும். இது ஓரமா உள்ளே செருகி மறைச்சு வெச்சிருக்கு."

ஒயரை மாட்டினாள். மறுபடி பட்டனை அழுத்தினாள். ஃபேன் சரக்கென்று சுற்றியது. ஐந்து நிமிடம். ஒன்பது. பதினைந்து. கான்ஸ்டபிள் நாற்காலி தேடி உட்கார்ந்தார். நாற்பத்தொரு நிமிடம் தாண்டியும் இயந்திரம் அணையவில்லை. ஆசிரியரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இன்னும் ஒண்ணு சார். இந்த மிஷின் எப்போ போட்டாங்க, எப்போ அணைஞ்சதுன்னு எல்லாத்தையும் உள்ளேயே பதிவு பண்ணி வெச்சுக்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம்."

அவள் விசைகளைத் தட்டினாள். வரிசையாகத் தேதிகள் ஓடின. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். மானிட்டரைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கீழே தள்ளினாள்.

"மூணு வாரம் முன்னாடி வரைக்கும் தினம் திடீர்னு அணைஞ்சிருக்கு. ஒன்பது நிமிஷம், பத்து நிமிஷம். அப்புறம் ஒரு தடவைகூட அணையலை. கடிதத்துல போட்டிருக்கிற ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் நல்லாத்தான் இருந்திருக்கு. மறுபடி முதல் தடவையா அணைஞ்சது... வியாழக்கிழமை மத்தியானம் மூணு இருபது. பெரியவர் செத்த மறுநாள்."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு இந்தம்மா ஆஸ்பத்திரியில என் எதிர்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டு இருந்தாங்க. வீட்டுல நீங்க மட்டும்தான் இருந்தீங்க சார்."

"நான்... அது வந்து..."

"ஒயரைப் பிடுங்கினீங்களா?"

"பிடுங்கினேன். ஆமா, பிடுங்கினேன்." தேன் வற்றிவிட்டது. "ஆனா கடிதம் பொய் சார். நான் அந்த ஆளோட கழுத்தைப் பிடிக்கவே இல்லை. தள்ளவும் இல்லை. நான் சொன்னா யார் நம்புவா? அதான்... நிரூபிக்கறதுக்காகத்தான்..."

"தடயத்தைக் கலைச்சுட்டு நிரூபிக்கிறாராம்." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். "நடங்க சார். மிச்சத்தை ஸ்டேஷன்ல பாடம் எடுக்கலாம்."

"அவதான் எழுதினா. அவளைக் கேளுங்க. ஏய்... சொல்லுடி..."

பன்னிரண்டு வருடமாக வீட்டுக்குள் மட்டுமே கேட்ட அந்தக் குரல் முதல்முறையாகத் தெருவுக்குக் கேட்டது. படிக்கட்டில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. ஜீப் கிளம்பியது.

"நாளைக்குக் காலைல ஆள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போவாங்க. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." இன்ஸ்பெக்டர் மகளிடம் சொல்லிவிட்டுத் தானும் இறங்கினார்.

வீட்டில் இரண்டு பெண்களும், விடாமல் சுற்றும் ஒரு ஃபேனும் மட்டும்.

ஸ்க்ரூ அக்கா தகட்டை மூடினாள். ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரொம்ப நன்றிக்கா."

"எனக்கு எதுக்கு நன்றி? நான் சொன்னது எல்லாம் நிஜம்." ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லாம விட்ட வரி ஒண்ணு இருக்கு."

மகளின் கை அப்படியே நின்றது.

"புதன்கிழமை காலைல ஏழு அஞ்சுக்கு மிஷினைப் போட்டிருக்காங்க. போட்டதும் அதோட கடிகாரத்தை மூணு நாள் பின்னாடி தள்ளியிருக்காங்க. ஞாயிற்றுக்கிழமைக்கு. ஏழு ஐம்பதுக்கு மறுபடி புதன்கிழமைக்கே மாத்தியிருக்காங்க. நடுவுல நாற்பத்தஞ்சு நிமிஷம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா ஆறு மணிக்கே போயிட்டார்மா."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்தவள் அவள்.

"வழுக்கித்தான் விழுந்தார். நான் கண்ணால பார்த்தேன். இவர் அப்போ தூங்கிட்டு இருந்தார்."

"அப்புறம் ஏன்?"

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும்கா. என் கையைப் பார்ப்பார். முகத்தைத் திருப்பிப்பார். 'பொறுத்துப் போம்மா'ன்னு சொல்வார். ஊர்ல இருக்கிற கடிதத்தை எல்லாம் வீடு வீடாக் கொண்டு போய்க் குடுத்த மனுஷன், பன்னிரண்டு வருஷத்துல எனக்காக யாருக்கும் ஒரு வரி எழுதலை. கீழே அவர் கிடந்தார். நான் பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். இனிமே எழுதவே மாட்டார்னு தோணுச்சு. மேலே வந்தேன்... அவருக்காக நானே எழுதிட்டேன்."

"செய்யாத கொலைக்கு ஒருத்தன் உள்ளே போறான். புரியுதா?"

"செஞ்சதுக்கு எல்லாம் யாரும் உள்ளே போடலையேக்கா. மூணு தடவை புகார் குடுக்கப் போனேன். 'வாத்தியாரா அடிச்சார்?'னு சிரிச்சு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க."

ஸ்க்ரூ அக்காவுக்குக் கோபம் வந்தது. இவள் மேல் இல்லை. செத்துப்போன அந்தத் தபால்காரர் மேல்.

பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"கடிதத்துல அவன் உன்னை அடிச்சதா எழுதினது..."

மகள் முழுக்கையை முழங்கை வரை ஏற்றினாள். ஸ்க்ரூ அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, தானே அந்தக் கையை இழுத்து மூடிவிட்டாள்.

"அது போதும்."

வாசல்வரை போனவளை மகளின் குரல் நிறுத்தியது.

"அக்கா... நாளைக்கு இதை எடுத்துட்டுப் போய் போலீஸ் லேப்ல ஆராய்ச்சி பண்ணுவாங்களே. அந்த வரியைப் பார்த்துட மாட்டாங்களா?"

"பார்க்கணும்னா அவங்க லேப் கம்ப்யூட்டர் ஓடணுமே." ஸ்க்ரூ அக்கா படியிறங்கிக்கொண்டே சொன்னாள். "நாலு நிமிஷத்துல அணைஞ்சுடும். ரெண்டு வருஷமா அதுக்கு நான்தான் சர்வீஸ்."