வலப்பக்கம் பார்க்கும் பெண்கள்

அந்தக் காசில் ஒரு மூக்கு இருந்தது.

பல் மருத்துவர் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்து, சட்டை நுனியால் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார். மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், பச்சைக் களிம்பு படிந்த அந்த வெண்கலத் துண்டின் நடுவே, நெற்றி முடியும் இடத்திலிருந்து மெல்லிய மேடு ஒன்று இறங்கி, நுனியில் சற்றே மழுங்கி நின்றது. கீழ்த்தளத்தில் அவருடைய கிளினிக்கின் காற்றழுத்த இயந்திரம் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஜன்னலில் மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வாங்கியபோது இந்தக் காசில் முகமே கிடையாது. முகம் இல்லை என்பதற்காகவே வாங்கினார்.

அவர் சேர்ப்பது ரோமானியக் காசுகளை. பேரரசர்கள் மேல் அவருக்கு அக்கறை இல்லை. அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் மகள்களும்தான் வேண்டும். சபீனா, இரண்டு ஃபாஸ்டினாக்கள், ஜூலியா டோம்னா என்று வெல்வெட் விரித்த தட்டுகளில் அவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், அத்தனை பேரும் வலப்பக்கம் பார்த்தபடி. அச்சு வெட்டியவர்களின் பழக்கம் அது. வலது காது தெரியும், வலது கன்னம் தெரியும், கண் மட்டும் நம்மைப் பார்க்காது. பகலெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நேருக்கு நேர் முறைக்கிற முகங்களோடு மல்லுக்கட்டிவிட்டு மாடியேறுகிறவருக்கு, தன்னைப் பார்க்காத இந்த முகங்கள் பெரிய ஆறுதல்.

அவர் மனைவி அவர்களைச் சக்களத்திகள் என்பாள். காசுகளை அவர் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கும்போதெல்லாம், "சக்களத்திங்க குளிச்சு முடிச்சாச்சா? நான் போகலாமா?" என்று குளியலறை வாசலில் நின்று கேட்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் தன்னால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம்தான் கிடையாது.

புதிதாக வாங்கிய இந்தக் காசின் விளிம்பில் பெயர் இருந்த இடம் உளியால் கொத்தப்பட்டிருந்தது. மன்னனின் கோபத்துக்கு ஆளான ராணியின் பெயரையும் முகத்தையும் அப்படி எடுத்துவிடுவார்கள் என்பது அவர் படித்ததுதான். ஆனால் கொத்தியவன் கூந்தலைத் தொடாமல் விட்டிருந்தான். எழுத்து போன காசில் இருப்பவள் யார் என்று கண்டுபிடிக்கச் சேகரிப்பவர்கள் கொண்டையைத்தான் பார்ப்பார்கள். உச்சியில் சுருட்டிய பின்னல் என்றால் மூத்த ஃபாஸ்டினா, கனத்த அலைகள் இறங்கினால் டோம்னா. இந்தக் கொண்டை எவளுடையதோடும் ஒத்துப்போகவில்லை. காதுக்கு மேலே ஒரு முறுக்கு, பிடரியில் மடித்து உள்ளே செருகிய பின்னல். எது எதற்கு அடியில் போகிறது என்பது உலோகத்தில் பிடிபடவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை விளக்கடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, அதே மாதிரி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல கூட என் தலைய இப்படி உத்துப் பார்த்ததில்ல நீங்க" என்றாள், வாயில் கவ்விய ஊசிகளுக்கு நடுவே.

"பேசாத. தலை ஆடுது."

"ஆடத்தான் செய்யும். நான் என்ன செத்துப்போன ராணியா?"

அவள் விரல்கள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தன. பிறகு தயங்கவில்லை. முறுக்கு எங்கே போக வேண்டும், பின்னல் எங்கே நுழைய வேண்டும் என்று அவர் சொல்லும் முன்பே கைகள் போய்விட்டன. முடிந்ததும் அவர் காசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காசைப் பார்த்தார். அச்சில் அடித்ததுபோல் இருந்தது. ராணி யார் என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் அவள் வந்து, "என்னங்க, இந்தக் கொண்டை அவிழவே மாட்டேங்குது. ஊசியெல்லாம் எடுத்துட்டேன். கொஞ்சம் நிமிந்து பாருங்களேன்" என்றாள்.

"எண்ணெய் தடவிப் பாரு" என்றார், உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பிறகுதான் மூக்கு வந்தது.

அவருக்கு முதலில் தோன்றியது கோபம். தேய்ந்த காசில் ஊசியால் கீறிப் புது முகம் வரைவது சேகரிப்பவர்கள் உலகில் மன்னிக்க முடியாத மோசடி. அப்படிக் கீறிய காசு செத்த காசு. வீட்டில் இருப்பது இரண்டு பேர். பல் சுரண்டும் நுண்கருவிகள் கீழே டஜன் கணக்கில் இருக்கின்றன, சாவி அவளுக்கும் தெரிந்த இடத்தில். சக்களத்தி என்று விளையாட்டாகச் சொல்கிறவள் மனசில் விளையாட்டுதான் இருக்கிறது என்று எப்படி நம்புவது? அவர் காசுப் பெட்டியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியின் விளிம்பில் ஒரு நூலிழையை ஒட்டிவைத்தார்.

நூல் அறுபடவில்லை. காசில் மேலுதடு வந்திருந்தது.

அவளைக் கவனிக்கத் தொடங்கினார். கதவிடுக்கு வழியாக, கண்ணாடி அலமாரியின் பிரதிபலிப்பில், செய்தித்தாளின் மேல்விளிம்புக்கு மேலாக. அவள் பேச்சு குறைந்திருந்தது. குற்றமுள்ளவள் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டார். நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, தரையில் எதையோ சீராக உருட்டிக்கொண்டு போவதுபோல் மெல்லிய ஓசை அறைக்கு அறை நகர்ந்தது. அவள் கடந்து போன இடத்தில் ஒரு வாடை நின்றது. ஈரக் கையில் வெகுநேரம் இறுக்கிப் பிடித்த பழைய சாவியின் வாடை. பல்லைப் பிடுங்கிய பிறகு கிளினிக்கில் இருக்குமே, அதற்கும் இதற்கும் தூரமில்லை. தலையணையில் அது இருந்தது. தேநீர்க் கோப்பையின் பிடியிலும் இருந்தது.

தாடை வந்த அன்று அவரால் அடக்க முடியவில்லை. சமையலறை வாசலில் போய் நின்றார். அவள் அடுப்புக்கு முன்னால், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை.

"பெட்டியத் தொட்டியா?"

"தொடல."

"அப்ப யாரு? பேயா வந்து கீறிட்டுப் போகுது?"

"தொடலைங்க."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவள் திரும்பவில்லை. வலது கன்னத்தின் தசை மட்டும் ஒருமுறை துடித்தது, திரும்ப முயன்று முடியாமல் போனதுபோல. திமிர் என்று நினைத்தார். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டார்.

இப்படியான சந்தேகத்தைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு ஒரே ஓர் ஆள் உண்டு. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரும் காசு சேர்ப்பவர். எதைப் பார்த்தாலும் நிறுத்துப் பார்க்கும் புத்தி என்பதால் நண்பர்கள் வட்டத்தில் அவருக்குப் பெயர் தராசு. அடுத்த நாள் மாலை அவரை வீட்டுக்கு வரவழைத்தார். மேசையின் ஒருபுறம், ஜன்னலுக்கு முதுகு காட்டி, தராசு உட்கார்ந்தார். எதிர்ப்புறம் மருத்துவர். வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

தராசு காசை வெகுநேரம் புரட்டினார். பிறகு தான் கொண்டுவந்திருந்த சின்ன எடைக்கருவியில் வைத்தார். எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

"டாக்டர், வாங்கினப்ப நான்தான இத நிறுத்துக் கொடுத்தேன்?"

"ஆமா."

"யாராவது கீறியிருந்தா உலோகம் போயிருக்கணும். எடை குறையணும். இது கூடியிருக்கு."

"உங்க மெஷின் சரியில்ல."

"என் மெஷினச் சொல்லாதீங்க, என் சம்சாரத்தச் சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன்." சிரித்தார். ஆனால் காசை அவசரமாக, விரல் நுனியால், வெல்வெட்டின் மேல் தள்ளிவிட்டார். "கீறினதே இல்ல இது. கீறல் தடம் எங்கயும் இல்ல. உள்ள இருந்து புடைச்ச மாதிரி இருக்கு."

அப்போது அவள் தேநீர் கொண்டுவந்தாள். மேசையின் குறுக்கே, இருவருக்கும் நடுவில் நின்று தட்டை இறக்கினாள். "நல்லாருக்கியாம்மா?" என்று தராசு கேட்டதற்கு, "இருக்கேண்ணே" என்றாள். உருளும் ஓசையுடன் உள்ளே போனாள். மருத்துவர் கடைக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காசைப் பார்த்தார்.

வழியனுப்பப் படியிறங்கும்போது தராசு நடுவில் நின்றார்.

"தங்கச்சிக்கு என் மேல ஏதும் கோவமா?"

"ஏன்?"

"முகத்தையே திருப்பலையே. வலது காதோரத்துல அந்த முறுக்கத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருக்கு, புது மாதிரி."

"வலது காது என் பக்கம் இருந்துச்சு" என்றார் மருத்துவர். "உங்க பக்கம் இடது."

"இல்ல டாக்டர். வலது. மூக்கு வாசப்பக்கம் பார்த்துச்சு."

"அவ உள் ரூமத்தான் பார்த்துக்கிட்டு நின்னா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தராசு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மிச்சப் படிகளை வேகமாக இறங்கினார். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மருத்துவர் மேலே ஏறினார். கூடத்தில் விளக்கு போடவில்லை. அந்த வாடை கதவிலேயே எதிர்கொண்டது, கனமாக, நாக்கில் படிகிற அளவுக்கு. அவள் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். எதையும் செய்யாமல். நிமிர்ந்த கழுத்து, மடித்துச் செருகிய பின்னல், வலது காது, வலது கன்னம்.

"இங்க பாரு" என்றார்.

அவள் அசையவில்லை. அவர் சுவரோரமாக அவளைச் சுற்றி நடந்தார். இத்தனை நாளும் உளவு பார்த்திருக்கிறோம், ஒரு தடவைகூட நேரே போய்ப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியைத் தாண்டினார். மூக்கின் நேர் எதிரே வந்தால் இரண்டு கண்களும் தெரிய வேண்டும்.

வலது காது. வலது கன்னம்.

இன்னும் நடந்தார். அலமாரி. ஜன்னல். அவள் திரும்பவில்லை, பாதம் நகரவில்லை, ஆடை மடிப்புகூட ஆடவில்லை. வலது காது. மறுபடி கதவோரம். வலது கன்னம். கையை நீட்டினார். கன்னத்தின் அந்தப்புறம் இருக்க வேண்டிய இடத்தில் விரல்கள் போயின. தட்டையாக இருந்தது. குளிர்ச்சி. விளிம்பு.

"என்னங்க" என்றது அது, அவள் குரலில், சுவரைப் பார்த்தபடி.

அவர் அறைக்குள், மேசைக்கு ஓடினார். விளக்கைத் தட்டினார். காசு வெல்வெட்டின் மேல் கிடந்தது. தராசு தள்ளிவிட்ட இடத்திலேயே. உருப்பெருக்கியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் வைத்தார்.

பக்கவாட்டு முகம் இல்லை.

உள்ளிருந்து ஒரு முகம் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்கள். இரண்டும் விரியத் திறந்து. வாய் பிளந்திருந்தது, நோயாளி நாற்காலியில் பிளப்பதைவிட அகலமாக. கீழ்வரிசையில், இடதுபுறம், மற்றதன் மேல் சாய்ந்த ஒரு பல். அதன் உடைந்த முனையை ஒட்டி, ராவி, மெருகேற்றியது அவருடைய இந்தக் கைகள். உலகத்தில் வேறு எந்த வாயிலும் அந்தப் பல் கிடையாது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உருப்பெருக்கி மங்கியது. தன் மூச்சு என்று நினைத்து மேற்புறத்தைத் துடைத்தார். மங்கல் போகவில்லை. விரலை அடியில் விட்டுப் பார்த்தார். காசை நோக்கிய பக்கம்தான் ஈரமாக இருந்தது. துடைத்தார். முகம் தெரிந்தது. மறுபடி பனித்தது.

உருளும் ஓசை கூடத்திலிருந்து அறைக்குள் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

துடைத்தார். பனித்தது. துடைத்தார். பனித்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஈர வட்டம் முன்னதைவிடச் சின்னதாக இருந்தது.