ஈயத்தில் பதிந்த பல்

பல் தடம் குண்டின் தட்டையான பக்கத்தில் இருந்தது. அங்கே இருக்க வழியே இல்லை.

உத்திரமேரூர்ப் பிணவறையை ஒட்டிய அறையில், பினாயில் நாற்றம் தொண்டை வரை ஏறி நிற்க, குளிர்ப்பெட்டியின் ஓயாத உறுமலைக் கேட்டபடி, தடயவியல் உதவியாளர் கீதா அந்த ஈயக் குண்டை இடுக்கியால் மறுபடி புரட்டினாள். சுடப்பட்டுச் செத்த பெருநகர் கிராமத்து வேதகிரியின் மார்பிலிருந்து நேற்று டாக்டர் எடுத்த ஒன்பதில் அது ஒன்று.

"இதுல இன்னா மேடம் கீது?" என்றான் பிணவறை ஊழியன் பாண்டியன். "பன்னி சுடுறவன் மீன் வலைல கட்டுற ஈயத்தக் கடிச்சித் துண்டாக்கித்தான் நாட்டுத் துப்பாக்கில போடுவான். டேனியலும் அப்டித்தான் போட்டுருப்பான்."

காலையில் அவளும் அவசரப்பட்டு அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். இப்போது அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. எலும்பில் மோதிய பிறகுதானே குண்டு தட்டையாகும்? அதற்கு மேல் பதிந்த பல் சுட்டவனுடையதாக எப்படி இருக்கும்? குண்டுப் பொட்டலத்துக்கு டாக்டர் வைத்த அரக்கு முத்திரையை உடைத்ததும் அவளேதான்; இடையில் வேறு யார் கையும் பட்டிருக்க முடியாது. நாளை அறிக்கை கோர்ட்டுக்குப் போகிறது. கொலைக்குப் பிடித்து வைத்திருக்கும் கூலிக்காரன் டேனியலின் தலையெழுத்து அந்த ஒரு வரியில் இருந்தது.

டேனியலின் பல் அச்சைப் பக்கத்தில் வைத்தாள். பொருந்தவில்லை. ஈயத்தைக் கடித்த முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது.

"வேதகிரிக்கு முன்பல் எப்படி இருக்கும்?"

"ஓரம் ஒடஞ்சிருக்கும். ஏன் மேடம்?" சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான். "எனுக்கு வெளில வேல கீது."

போய்விட்டான். அவளுக்கும் ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் ஒப்பிட வேதகிரியின் பல் அச்சு வேண்டும்; இல்லையென்றால் டேனியல் உள்ளேதான். மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கிக்கொண்டு, சன்னலில் மங்கிக்கொண்டிருந்த சாயங்கால வெளிச்சத்தில், சில்லென்ற ஆவி முழங்கையில் ஏற ஏற, குளிர்ப்பெட்டியிலிருந்து வேதகிரி கிடந்த தட்டை வெளியே இழுத்தாள்.

தாடை மரக்கட்டையாக இறுகியிருந்தது. நெம்பினாள். விரலளவு திறந்தது.

ஓரம் உடைந்த முன்பல். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஈயப் பொடி.

மெழுகை உள்ளே வைத்தாள். இனி கீழிருந்து தாடையை அழுத்த வேண்டும்.

அவள் அழுத்தவில்லை.

மெழுகில் பல் பதிந்தது. மெதுவாக. ஆழமாக.

பிறகு வாய் திறந்தது. நாக்கு மெழுகை அவள் உள்ளங்கைக்குத் தள்ளியது. வாய் மூடவில்லை. அடுத்த தகட்டுக்குக் காத்திருந்தது.